எங்கடா போன ரோரி

டீகன் ஹல்லாம் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மைக்கின் முன்னால் வந்து நிற்பதற்குள் பின்வரிசையில் ஒருவன் ஆரம்பித்துவிட்டான்.

"எங்கடா போன ரோரி!"

பப் முழுக்கச் சிரிப்பு. இன்னொரு மூலையிலிருந்து ஒரு பெண் குரல் அதையே ராகத்தோடு இழுத்தது. டீகனும் சிரித்தாள். கன்னம் வலிக்கும்வரை சிரிக்க இந்த ஒரு வருஷத்தில் பழகியிருந்தாள்.

"வரும், வரும். முதல்ல வேற ஒண்ணு கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஆற்றைப் பற்றிய பாட்டைத் தொடங்கினாள். வற்றிப்போன ஆற்றின் நடுவில் நின்றுகொண்டு, இங்கேதான் நான் நீச்சல் பழகினேன் என்று ஒரு பெண் சொல்கிற பாட்டு. மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியது. ரோமா என்ற அந்தச் சிற்றூரின் ஜனங்கள் அந்த நேரத்தைப் பீர் வாங்கவும், ஒருவருக்கொருவர் ஆட்டு விலை விசாரிக்கவும், கழிப்பறைக்குப் போய்வரவும் பயன்படுத்திக்கொண்டார்கள். அடுத்த பாட்டுக்கும் அப்படியே. கடைசியில் அவர்கள் கேட்ட பாட்டுக்கு முன்னோடியாக அவள் இரண்டு தந்திகளைத் தட்டியதும் எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். பூட்ஸ் கால்கள் பலகைத் தரையில் தாளம் போட்டன.

*எங்கடா போன ரோரி,*
*வண்டியில எண்ணெய் இருக்கு, வழியெல்லாம் வெயில் இருக்கு,*
*ஆளை மட்டும் காணோம் ரோரி!*

அந்தப் பாட்டை எழுத அவளுக்கு ஒரு காப்பி குடிக்கிற நேரம்தான் ஆனது.

ரோரி அவளுடைய காதலன் என்றுதான் ஊர் உலகம் நினைத்தது. பாட்டில் அப்படி ஒரு வார்த்தையும் கிடையாது. ஆனால் வழியோரம் காத்திருக்கிற பெண், வராத ஆண் என்றால் ஜனங்கள் வேறென்ன நினைப்பார்கள்? நிஜத்தில் ரோரி அவளுடைய அண்ணன். இரண்டு வயது மூத்தவன். பள்ளிக்கூட நாளிலிருந்து இருவரும் சேர்ந்தே பாடினார்கள். அவள் மேலே பாடுவாள். அவன் அடிக்குரலில் கூடவே வருவான். குவில்பி ஊரில் கல்யாணம், குதிரைப் பந்தயம், சாவு வீடு எதுவானாலும் ஹல்லாம் பிள்ளைகளைக் கூப்பிடாமல் நடக்காது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்த அவர்கள் அம்மா ஜோய்லின், "ரெண்டு பேரும் ஒரே தொண்டையைப் பங்கு போட்டுக்கிட்டுப் பொறந்ததுக" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

சேர்ந்து கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. கிழக்கே போவது, கடற்கரை ஊர்களில் பாடுவது, ஜனவரியில் டாம்வொர்த் பாட்டுத் திருவிழாவுக்குப் போய்ச் சேருவது. ரோரி கடைசியாக வேலை பார்த்த ஆட்டுப் பண்ணையிலிருந்து நேரே வந்து, ஊர் எல்லையில் இருக்கும் பெட்ரோல் பங்கில் அவளோடு சேர்ந்துகொள்ள வேண்டும். டீகன் விடிந்ததும் போய்விட்டாள். வண்டியைத் துடைத்தாள். கிட்டாருக்குப் புதுத் தந்தி போட்டாள். சாஸேஜ் ரோல் வாங்கித் தின்றாள். குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். வெயில் ஏறி உச்சிக்கு வந்துவிட்டது. போன் போட்டால் எடுக்கவில்லை. பங்கில் இருந்த பெண் வெளியே வந்து, "உள்ள வந்து நில்லு பொண்ணே, மூளை உருகிடும்" என்றாள். அப்போதுதான் டீகன் வண்டியில் ஏறினாள். தனியாகப் போனாள். முதல் நிறுத்தத்தில் அந்தப் பாட்டை எழுதி, அங்கேயே லாரிக்காரர்கள் முன்னால் பாடினாள். அவர்களில் ஒருவன் அதைப் போனில் படம்பிடித்து உலகத்துக்கு அனுப்பிவிட்டான்.

அதிலிருந்து ஓட்டம்தான். இன்று டால்பி, நாளை மைல்ஸ், அதற்கடுத்து ரோமா. ஒரு கட்டிலில் இரண்டு இரவு தொடர்ந்து படுத்தால் அவளுக்கு உடம்பு அரிக்கும். சாப்பிடும்போது முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். கேட்பவர்கள் கூடக்கூட அந்த ஆட்டமும் கூடியது. நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் நெரிடா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இந்தப் பரபரப்பு நல்லது. அடக்கிராதே. மேடையில அதுதான் எடுபடுது" என்பாள். நெரிடாவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். கறாரான பேச்சு, கறாரான கணக்கு. அவள் சேர்ந்த பிறகுதான் டீகன் வண்டியில் தூங்குவதை நிறுத்தினாள்.

"ரோரி யாருன்னு கேட்டா சிரிச்சிட்டு விட்டுரு" என்று நெரிடா முதல் நாளே சொல்லியிருந்தாள். "அண்ணன்னு சொன்னா பாட்டு செத்துப்போயிடும்."

டீகன் சிரித்துவிட்டு விட்டாள். ரோரியோடு பேசுவதையும் விட்டாள், அவனும் பேசவில்லை. அம்மாவிடம் போனில் பேசும்போது அவன் பெயர் வந்தால் இருவருமே வேறு பேச்சுக்கு மாறிக்கொள்வார்கள். ரோமா நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலையில் மட்டும் அம்மா பேச்சை மாற்றவில்லை.

"அவன் பப்புக்குப் போறதையே விட்டுட்டான், தெரியுமா?"

"ஏன்? குடிக்கறதை நிறுத்திட்டானா?"

"ஏன்னு என்னைக் கேக்கறியா?" என்றாள் ஜோய்லின். பிறகு அவளே தொடர்ந்தாள். "இப்ப சார்ல்வில் பக்கத்துல ஒரு பண்ணையில ரோமம் வெட்டறான். நீயும் அந்தப் பக்கம்தானே போறே."

டீகன் போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். சார்ல்வில் போகிற பாதையில், அம்மா சொல்லியிருந்த பண்ணையின் பெயர் எழுதிய தகரப் பலகை கண்ணில் பட்டதும் கை தானாக வண்டியைத் திருப்பிவிட்டது.

கொட்டகைக்கு வெளியே வண்டியை நிறுத்தும்போதே இயந்திரங்களின் ரீங்காரத்தையும் மீறி வானொலி கேட்டது. அவளுடைய குரல். அவளுடைய பாட்டு. படியேறி வாசலில் நின்றாள். உள்ளே ஆட்டுவாடையும் வியர்வையும் எண்ணெயும் கலந்து முகத்தில் அடித்தன. நாலைந்து பேர் வரிசையாகக் குனிந்து, ஆளுக்கோர் ஆட்டைத் தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டு கத்திரித்துக்கொண்டிருந்தார்கள். பல்லவி வந்ததும் அத்தனை பேரும் குனிந்தபடியே கத்தினார்கள்.

"எங்கடா போன ரோரி!"

கடைசி இடத்தில் குனிந்திருந்தவன் தலை தூக்கவில்லை.

"என்னடா ரோரி, அடுத்த ஆடு உனக்காகக் காத்துட்டிருக்கு" என்றான் பக்கத்தில் நின்ற ஹெமி. நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரி ஆள். மலை மாதிரி உடம்பு. "அதையாச்சும் கூட்டிட்டு வருவியா, இல்ல அதையும் வெயில்ல நிக்க வச்சுட்டு ஓடிருவியா?"

சிரிப்பு. ரோரியும் சிரித்தான். அந்தச் சிரிப்பு டீகனுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. கன்னம் வலிக்கிற சிரிப்பு. 

ஹெமிதான் அவளை முதலில் பார்த்தான். "ஐயோ" என்று நிமிர்ந்தான். "பாட்டே நேர்ல வந்துருச்சுடா."

யாரோ வானொலியை அணைத்தார்கள். ரோரி அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடி குனிந்து, கையிலிருந்த ஆட்டை முழுதாக முடித்து, கம்பளம்போல் விழுந்த ரோமத்தை ஒதுக்கி, ஆட்டை வெளிப்பட்டிக்குத் தள்ளிவிட்டுத்தான் வந்தான்.

"டீ நேரம் ஆயிருச்சு" என்று ஹெமி எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னான். ஆகியிருக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் கிளம்பிப் போனார்கள்.

இருவரும் கொட்டகையின் பின்பக்கம், பட்டி நிழலில் நின்றார்கள். ரோரி ஒரு குடுவைத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். முன்னைவிட இளைத்திருந்தான், முதுகு மட்டும் அகன்றிருந்தது.

"சிவந்து போயிருக்கே. தொப்பி போட மாட்டியா?" என்றான்.

"ஏன்டா வரல?" என்றாள் டீகன். வேறு எதுவோ பேசத்தான் வாயைத் திறந்தாள், இதுதான் வந்தது.

"வந்தேன்."

"என்ன?"

"வந்தேன் டீகன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், டயர் கடை நிழல்ல வண்டியை நிறுத்திட்டு உட்கார்ந்திருந்தேன். நீ தின்னதைப் பார்த்தேன், நடந்ததைப் பார்த்தேன். எனக்குப் போன் போட்டதையும் பார்த்தேன். போன் மடியிலதான் அடிச்சுட்டிருந்துச்சு."

டீகன் அவன் மார்பில் இரண்டு கையாலும் ஓங்கித் தள்ளினாள். அவன் பட்டிக் கம்பியில் போய் மோதினான், திருப்பித் தள்ளவில்லை. ஆடுகள் மிரண்டு ஒரு மூலைக்கு ஓடின.

"பார்த்துட்டே உட்கார்ந்திருந்தியா? நீ செத்துக்கித்துப் போயிட்டியோன்னு பயந்தேன்டா! ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அம்மாகிட்ட, ஏதாவது விபத்து வந்திருக்கான்னு கேட்டேன்டா!"

"தெரியும். அம்மா சொன்னாங்க."

"அப்புறம் என்ன எழவுக்கு இறங்கி வரல?"

ரோரி தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தான். அந்தச் சூட்டில் அது எப்போதோ காய்ந்திருந்தது.

"எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு" என்றான். "சொன்னா நீ சிரிப்பே. முதுகு உடையுது, நாத்தம் போகமாட்டேங்குது, ஆனா பிடிச்சிருக்கு. சாயங்காலம் கத்திரியை வச்சுட்டு நிமிரும்போது இன்னிக்கு இவ்வளவு முடிச்சேன்னு இருக்கு பாரு, அது பிடிச்சிருக்கு. பாடறதும் பிடிக்கும். கல்யாணத்துல, நம்ம ஜனங்க முன்னால. அதுக்காக ஊர் ஊராப் போய்த் தெரியாதவன் முன்னால நிக்கணும்னு எனக்கு ஒருநாளும் தோணல. உனக்குத் தோணுச்சு."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ எப்பவாவது கேட்டியா? 'எப்பக் கிளம்பறோம்'னு கேட்டே. 'எந்த ஊர் முதல்ல'ன்னு கேட்டே. வரியான்னு ஒருநாளாவது கேட்டியா?"

டீகன், பதினாறு வயதிலிருந்து அந்தப் பயணத்தைப் பற்றி அவர்கள் பேசியதை எல்லாம் வேகவேகமாகப் புரட்டிப் பார்த்தாள். கேட்டதாக ஞாபகம் வரவில்லை. பேசியதெல்லாம் அவள்தான்.

"இறங்கி வந்து உன் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும்" என்றான் ரோரி. "எனக்குத் தைரியம் இல்ல. கோழைதான். பாட்டுல ஒரு பொய்யும் இல்ல. ஆனா போற ஊர்லெல்லாம் பேரைச் சொன்னா பாடறானுங்க. பிளாக்கால் ஊர்ல ஒரு பொண்ணுகூடக் கொஞ்சம் பழகினேன். அந்தப் பாட்டுக்காரியை நடுரோட்டுல விட்டுட்டு ஓடினவன் இவன்தான்னு யாரோ சொல்லியிருக்காங்க. நான் அந்தப் பாட்டுக்காரியோட அண்ணன்னு சொன்னா இவ நம்ப மாட்டேங்கறா." சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயே சொல்லு, இதைவிடக் கேவலமா ஒரு சாக்கு இருக்குமா?"

அவளும் சிரித்தாள். கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பேரை எடுத்துடறேன்" என்றாள்.

அன்று மாலை சார்ல்வில்லில் எடுத்தாள். ரோரி வரவேண்டிய இடத்தில் ஜோனி என்று பாடினாள். முதல் தடவை கூட்டம் குழம்பியது. இரண்டாவது தடவை அவளைத் திருத்தியது. மூன்றாவது தடவை அவள் ஜோனி என்றதை யாரும் கேட்கவே முடியவில்லை. அத்தனை தொண்டைகளும் ரோரி, ரோரி என்று அதை அமுக்கிவிட்டன. மேடையை விட்டு இறங்கியதும் ஒரு கிழவர் அவள் தோளைத் தட்டி, "சொந்தப் பாட்டையே மறந்துட்டியே பொண்ணு, வேலை அதிகமோ?" என்று பரிவோடு கேட்டார்.

இந்தச் சேதி நெரிடாவின் காதுக்கு எட்ட ஒரு நாள்கூட ஆகவில்லை. "விளையாடறியா?" என்று போனில் கத்தினாள். "டாம்வொர்த்துக்கு ரெக்கார்டு கம்பெனி ஆளுங்க வராங்க. அவங்க அந்த ஒரு பாட்டைக் கேக்கத்தான் வராங்க. ஆத்தைக் கேக்க வரல."

டீகன் தெற்கே ஓட்டினாள். கன்னமுல்லா, செயின்ட் ஜார்ஜ், மோரீ. வண்டியில் தனியாக உட்கார்ந்தபடி வாயால் முணுமுணுத்து முணுமுணுத்து ஒரு புதுப் பாட்டைக் கட்டினாள். ஒரு வரி சரியாக வந்தால் அடுத்தது இடித்தது. மோரீயில் வண்டியை ஓரங்கட்டி ரோரிக்குப் போன் போட்டாள்.

"டாம்வொர்த்துல பாடறேன். நீ வரியா?" என்றாள்.

அந்தப் பக்கம் ஆடுகள் கத்தின. "வரல" என்றான்.

"சரி."

"கோபமா?"

"கொஞ்சம். போகட்டும், நீ ஆட்டைப் பாரு."

ஜனவரி டாம்வொர்த் கொதித்துக்கொண்டிருந்தது. ஆற்றங்கரை முழுக்கக் கூடார வண்டிகள். பீல் தெருவில் பத்தடிக்கு ஒருவர் கிட்டாரோடு நின்றார்கள்; பல் விழாத குழந்தையிலிருந்து பல்லே இல்லாத தாத்தா வரைக்கும். ஒருவன் பாட்டு முடியும் இடத்தில் அடுத்தவன் பாட்டு ஆரம்பித்து, நடந்துபோனால் ஒரே பாட்டு போலக் கேட்டது. அதில் இரண்டு இடத்தில் வேறு யாரோ 'எங்கடா போன ரோரி' பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி அவளைவிட நன்றாகவே பாடினாள். டீகன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகக் கடந்துபோனாள்.

அவளுக்குக் கிடைத்தது ஒரு பப்பின் பின்புறத் தோட்டம்; மாலை வெயில் நேரம். தோட்டம் நிரம்பி மதில்மேல்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் இரண்டு பேர் ஓரமாக நின்றார்கள். அவர்கள் பக்கத்தில் நெரிடா.

ஆற்றுப் பாட்டைப் பாடினாள். அம்மாவின் சமையலறைப் பாட்டைப் பாடினாள். "ரோரி! ரோரி!" என்று கைதட்டத் தொடங்கினார்கள். டீகன் கிட்டாரை விட்டுக் கையை எடுத்தாள்.

"ரோரி என் அண்ணன்" என்றாள் மைக்கில். "காதலன் இல்ல, கூடப் பொறந்தவன். அவனுக்கு அந்தப் பாட்டால தலைவலி. நான் இனிமே அதைப் பாடறதா இல்ல."

ஜனங்கள் ஏதோ நல்ல நகைச்சுவை கேட்டதுபோல் சிரித்தார்கள். "சும்மா பாடும்மா!" என்று ஒருவன் கத்தினான். மதில்மேல் இருந்த பெண்கள் ஆரம்பித்தார்கள். முன்வரிசை சேர்ந்துகொண்டது. பிறகு தோட்டமே பாடியது. அவள் பாடாமலே, அவள் கிட்டாரும் இல்லாமலே, முதலடியிலிருந்து கடைசி அடிவரை ஒரு வார்த்தை தவறாமல் பாடினார்கள். டீகன் கையைத் தொங்கவிட்டு நின்று கேட்டாள். நல்ல மெட்டு என்று முதன்முறையாகத் தோன்றியது. அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள இனி யாராலும் முடியாது என்பதும் கூடவே உறைத்தது. பெருமையாகவும் இருந்தது, அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது.

கைதட்டல் ஓய்வதற்குள் புதுப் பாட்டைத் தொடங்கினாள்.

*கிளம்புற நேரம் சொன்னேன், போற திசை சொன்னேன்,*
*கூட வர்றியான்னு மட்டும் கேக்கலையே.*

 இரண்டாவது சரணத்தில் ஒரு வரியை மறந்து முந்தின வரியையே இரண்டு தடவை பாடினாள். பாதித் தோட்டம் எழுந்து பீர் வாங்கப் போய்விட்டது. மீதிப் பேர் கேட்டார்களா, வெயிலுக்கு அசையாமல் இருந்தார்களா என்று சொல்ல முடியவில்லை. முடித்தபோது இஸ்திரிச் சட்டைகள் இரண்டும் அங்கே இல்லை.

நெரிடா கத்தவில்லை. அதுதான் டீகனுக்குக் கஷ்டமாக இருந்தது. வண்டிவரை கூட நடந்து வந்து, பெட்டியைத் தூக்கிவைக்கவும் ஒரு கை கொடுத்தாள்.

"பாட்டு உன்னோடது. முடிவும் உன்னோடதுதான்" என்றாள். "ஆனா எனக்கு வேற பாடற பிள்ளைங்களும் இருக்காங்க. சொன்னதைக் கேக்கற பிள்ளைங்க. நான் அவங்களைப் பார்க்கப் போறேன். புரியுதா?"

"புரியுது."

"அந்தப் புதுப் பாட்டு இருக்கே, ரெண்டாவது சரணம் சரியில்ல. மாத்து." காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தோட்டத்தில் நடந்ததையும் யாரோ படம்பிடித்திருந்தார்கள். அதுவும் ஊர் ஊராகப் போனது. ஒரு வாரம் கழித்து ரோரி தானாகவே போன் செய்தான். கொட்டகையில் இப்போது தன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லாரும் 'அண்ணா, அண்ணா' என்று அழைத்து உயிரை எடுக்கிறார்கள் என்றான். ஹெமி ஆட்டைக்கூட அப்படித்தான் கூப்பிடுகிறானாம்.

"இது தாங்குதா?" என்றாள்.

"இது பரவால்ல. பிளாக்கால் பொண்ணு போன் பண்ணினா." அதற்குமேல் அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் கன்னெடா ஊரில், புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் கிளப்பில் அவளுக்கு ஒரு ஞாயிறு மதியம் கிடைத்தது. அதை அவளே போன் போட்டுக் கேட்டு வாங்கியிருந்தாள். நீளமான கூடம், பச்சைக் கம்பளம், பொரித்த மீன் வாசனை. வெள்ளை உடுப்பில் விளையாடிவிட்டு வந்த பெரியவர்களும் இரண்டு குடும்பங்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் கிளப்பின் செயலாளர் மேடைக்கு வந்து, மன்னிக்க வேண்டும் என்று கையால் காட்டி, அவளுடைய மைக்கையே வாங்கி இறைச்சியைப் பரிசாகத் தரும் குலுக்கல் சீட்டின் எண்களை வாசித்தார். மூலையிலிருந்த ஒரு பெண்மணிக்கு ஒரு தட்டு நிறைய ஆட்டுக்கறி விழுந்தது. கூடத்தில் அன்று கிடைத்த பெரிய கைதட்டல் அந்தப் பெண்மணிக்குத்தான்.

மைக் திரும்பி வந்தது. டீகன் புதுப் பாட்டைப் பாடினாள். இரண்டாவது சரணத்தை மாற்றியிருந்தாள். இன்னும் சரியாகவில்லை என்று பாடும்போதே தெரிந்தது. கறித்தட்டை மடியில் வைத்திருந்த பெண்மணி, முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கடைசிவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கைதட்டவில்லை. எழுந்து வந்து, "இது யாரைப் பத்தினது?" என்று மட்டும் கேட்டாள்.

"என்னைப் பத்தினதுதான்" என்றாள் டீகன்.

அந்தப் பெண்மணி தலையை ஆட்டிவிட்டுக் கறித்தட்டோடு வெளியே போனாள். டீகன் கண்ணாடிக் கதவு வழியாக அவள் கார் கிளம்பும்வரை பார்த்தாள். முழங்கால் ஆடத் தொடங்கியிருந்தது. இன்னும் ஐந்தாறு பாட்டு பாட வேண்டும். அது முடிந்தால் நாரப்ரை ஊருக்குப் போகலாம், அங்கே பாட யாரைக் கேட்க வேண்டும் என்று செயலாளரிடம் விசாரிக்கலாம். தந்தியைச் சுருதி சேர்த்தாள்.

"அடுத்தது ஆத்தைப் பத்தி" என்றாள். மீன் தின்றுகொண்டிருந்த கூடம் தலையசைத்தது.